துடக்கில்லை

தண்ணி மோட்டர் இன்னும் கிணற்றடியில்
பிரித்தபடி கிடக்கிறது.
சனிக்கிழமைப் பேப்பரை விரித்து
ஒவ்வொன்றாய்க் கழற்றி வைத்தவர்
ஆணிகளைச் சிரட்டையில் போட்டு
"கோழி கிளறாமப் பாத்துக்க மகள்" என்றார்.
எங்களிடம் கோழி இல்லை.
அம்மா கோழி வளர்த்தது எண்பத்தொன்பது வரைக்கும்.
ஹயாத்துக் காக்காவுக்கு எங்கள் வளவு
அந்த வருசத்திலேயே நின்றிருந்தது.

எப்போது புறப்பட்டாலும்
"ஹயாத்திருந்தா நாளைக்கு வாறன்" என்பார்.
சொல்லிவிட்டுத் தன் பெயருக்குத் தானே சிரிப்பார்.
அன்றைக்கு இருட்டிவிட்டது, மழை வேறு தூறியது,
"ஒம்பது மணிக்கு வாறன், பேரிங் ஒண்டு மாத்தணும்"
என்று மட்டும் சொல்லி மோட்டர் சைக்கிளை உதைத்தார்.
அதைத்தான் அம்மா இப்போதும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.
ஏன் சொல்லேல்ல?
ஏன் அண்டைக்கு மட்டும் சொல்லேல்ல?

ஒன்பதுக்கு இஞ்சித் தேத்தண்ணி மூடியிருந்தது.
பத்தரைக்குப் போன் வந்தது.
அஸருக்கு அடக்கமாம்.
எங்களுடைய ஆட்கள் என்றால்
கனடாவிலிருந்து மகன் வந்திறங்கும்வரை
பெட்டியை வைத்திருப்போம்.
ஒரு மனிதர் ஒரே பகலுக்குள் முடிந்துவிடலாம் என்பது
அம்மாவுக்கு விளங்கவில்லை.
சேலைக்கு ஊசி தேடினாள், பிறகு வேறு சேலை தேடினாள்.
கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோ ஏறும்போது
"பாதை எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.
பாதை ஓடிய காலத்தில்
தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு
அதில் வந்திறங்கியவர் அவர்.

நாங்கள் போக மையத்தைத் தூக்கிவிட்டார்கள்.
பெண்களுக்குள் போய் உட்கார்ந்தோம்.
"நீங்க என்ன முறை?" என்று ஒருத்தி
அன்பாகத்தான் கேட்டாள்.
அம்மா வாயைத் திறந்தாள்.
துறைமுக வேர்க்‌ஷொப்பில் அப்பாவோடு பதினெட்டு வருசம்,
முந்நூற்றி நாலு விளையாட்டில் அப்பாவின் கூட்டாளி,
அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வாகனத்தில்
தலைமாட்டில் இருந்தவர்.
இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதா?
"தெரிஞ்ச ஆக்கள்" என்றாள்.
சொன்ன பிறகுதான் அழுதாள்.

ஒருமுறை கச்சேரிக்குப் போன இடத்தில்
சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிய பையிலிருந்து
காணிப் பேர்மிட் கொப்பியை
பஸ் ஸ்டாண்ட் மான் ஒன்று இழுத்துத் தின்றுவிட்டது.
நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.
"மாஸ்டர், என்ட காணி இப்ப மான்ட வயித்துக்குள்ள" என்றார்.
அப்பா மாஸ்டரில்லை, கிரேன் ஓட்டியவர்.
கடைசிவரைக்கும் மாஸ்டர்தான்.
அப்பா அப்படிச் சிரித்து நான் பிறகு பார்க்கவில்லை.

அன்று திரும்பி வந்து
கிணற்றடியில் நின்றாள் அம்மா.
குளிப்பதா விடுவதா?
பக்கத்து வீட்டுச் செல்வமலர் அக்கா
வேலிக்கு மேலால் தெளிவாகச் சொன்னாள்:
"உங்களுக்கென்ன துடக்கு? ஆக்கள் வேற.
நாளைக்கே கோயிலுக்குப் போகலாம்."
சரிதான்.
எட்டில்லை, அந்தியேட்டியில்லை,
முப்பத்தொன்றுக்குச் சமைக்க யாருமில்லை.
மோட்டரும் இல்லை.
அம்மா வாளியை இறக்கினாள்.
உடுத்த சேலையோடு தலையில் ஊற்றினாள்,
ஏழோ எட்டோ வாளி, நான் எண்ணவில்லை.
அதன்பிறகு எட்டு நாள் மீன்காரனைத் திருப்பி அனுப்பினாள்.
கேட்டால்,
மீன் விலையைப் பார்த்தாயா என்றாள்.

ஒரு பின்னேரம் மகன் ரிஸ்மி வந்தான்.
பேங்கில் வேலை, ஆணி முடுக்கத் தெரியாது.
ஹார்ட்வெயார்க் கடையில் காசைக் கொடுத்து,
சாமானைச் சட்டைப்பையில் போட்டு,
மிச்சத்துக்குக் கை நீட்டியபடியே
வாப்பா கவுண்டரில் சாய்ந்தாராம்.
"இது உங்கட" என்று வைத்தான்,
ரசீதில் சுற்றிய பேரிங்.

விரலில் மாட்டிச் சுழற்றினேன்.
சத்தமேயில்லை.
காசு தரட்டோ என்று அம்மா கேட்க
பெடியனின் முகம் சிவந்துவிட்டது.
அவன் போனபின் ரசீதை விரித்து,
கண்ணாடி போட்டுப் படித்து,
கலண்டரில்
பால்காரனின் கணக்குக்குக் கீழே எழுதினாள்:

ஹயாத்து. 650. குடுக்கவேணும்.